எனக்கு மட்டும் கசந்த பொடி

வாங்க தம்பி, வாங்க. அந்த ஸ்பீக்கர் பாக்ஸ் மேலயே உக்காருங்க, ஒண்ணும் ஆவாது. யானை உக்காந்தாலும் தாங்கும். வாடகைச் சேரெல்லாம் நேத்து ஒரு காதுகுத்துக்குப் போனது, இன்னும் திரும்பி வர்ல. எந்த ஊருன்னீங்க? தாராபுரமா? அட, அவ்வளவு தூரத்துல இருந்தா! ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமில்லீங்க.

வீடியோ பாத்தீங்களாக்கும். ஆமாங்க, நாந்தான். பச்சை சால்வை போத்திக்கிட்டு, மைக்கக் கையில புடிச்சுக்கிட்டு, "ரெண்டு வருசமாச்சுங்க, ஒரு மாத்திரை இந்த நாக்குல பட்டதில்லை"ன்னு நாக்கை நீட்டிக் காட்டறது நாந்தான். நாக்கை நீட்டுனதும் மண்டபமே கை தட்டும் பாருங்க. எண்பதாயிரம் பேரு பாத்திருக்காங்களாமா. எங்கூருல மொத்தமே அத்தனை பேரு இல்லை.

யாருக்குங்க, அம்மாவுக்கா? சக்கரையும் பிரசரும். பதினோரு வருசமா மாத்திரை. நிறுத்தலாமா வேண்டாமான்னு என்னையே நேர்ல பாத்துக் கேட்டுப்போட்டு முடிவு பண்ணலாம்னு வந்தீங்க. நல்ல வேலை பண்ணுனீங்க. சொல்றேன், கட்டாயம் சொல்றேன். ஆனா ஒரு வார்த்தையில சொல்ற நாயமில்லை இது. அவசரம் ஒண்ணும் இல்லையே? பஸ்ஸு அரைமணிக்கு ஒண்ணு இருக்குது.

என்ற பேரு சென்னியப்பன். வெளிய போர்டுல பாத்திருப்பீங்க, சென்னியப்பன் சவுண்ட் சர்வீஸ். முப்பத்தெட்டு வருசமா மைக்செட் போடறேனுங்க. கோயில் நோம்பி, கட்சி மீட்டிங்கு, பட்டிமன்றம், எழவு ஊடு, எல்லாத்துக்கும் நாந்தான். பேசறவங்க வர்றதுக்கு முன்னால மேடையேறி, "அலோ, அலோ, ஒன், டூ, த்ரீ"ன்னு சொல்லிப்போட்டு எறங்கிருவேன். முப்பத்தெட்டு வருசத்துல மைக்ல நான் பேசுனது அவ்வளவுதான். மூணு வரைக்கும் எண்ணியிருக்கேன், நாலு சொன்னதில்லை. எவனெவனோ வந்து என்னென்னமோ உளறிப்போட்டுப் போவான், அவனுக்கு மாலை. வயர் இழுத்தவனைத் திரும்பிப் பாக்கறதுக்கு நாதியில்லை. குறையாச் சொல்லலீங்க. இருந்ததைச் சொல்றேன்.

எனக்கும் சக்கரைதானுங்க. ஒன்பது வருசத்துக்கு முன்னால பட்டாளத்துக்கு ஆளெடுக்கற மாதிரி ஊரையே வரிசையா நிக்க வச்சு ரத்தத்தை எடுத்துப் பாத்தாங்க, இருக்குதுன்னுட்டாங்க. பொறகால பிரசரும் வந்து சேந்துக்கிச்சு. காலையில ரெண்டு, சாயங்காலம் ஒண்ணு. மாசம் ஒருக்கா நர்சம்மா ஊட்டுக்கே வந்து மாத்திரை குடுத்துப்போட்டு, பேரை எழுதிக்கிட்டுப் போவாங்க. தங்கமான பொம்பளை. ஆனா அவங்க வண்டிச் சத்தம் கேட்டாலே எனக்கு மூஞ்சி சுருங்கிப் போவும். தெருவே பாக்குதில்ல, சென்னியப்பன் சீக்காளின்னு.

அப்பத்தான் இந்தப் பொடிக் கம்பெனிக்காரங்க வந்தாங்க. ஞாயித்துக்கிழமையானா கல்யாண மண்டபத்துல கூட்டம். மைக்செட் நம்மளது. லீடரு பேரு ஞானசேகரன். சட்டை கசங்காம வருவாரு, சின்ன ஆளு பெரிய ஆளுன்னு பாக்காம எல்லாருக்கும் கும்புடு போடுவாரு. முதல் வாரமே என்னையக் கூப்பிட்டு, "அண்ணா, நீங்களும் ஒரு டம்ளர் குடிங்க"ன்னு குடுத்தாரு. மாம்பழ வாசனையில ஒரு பொடி, தண்ணியில கலக்கி, நொரைநொரையா. பதினெட்டு மூலிகையாமா. ஒரு மண்டலம், நாப்பத்தெட்டு நாளு, காலையிலயும் சாயங்காலமும் குடிச்சா எந்த மாத்திரையும் வேண்டாமுன்னாரு.

அங்க ஒரு வழக்கம் வச்சிருந்தாங்க பாருங்க, அதுலதான் ஆளு உளுந்துருவாங்க. மேடையில ஒரு பித்தளைக் குடம். மஞ்சள் பூசி, வேப்பலை கட்டி, கோயில்ல கும்பம் வச்சாப்பல வச்சிருப்பாங்க. மாத்திரையை நிறுத்தறவங்க அட்டையோட கொண்டாந்து, தலையை மூணு சுத்துச் சுத்தி அதுக்குள்ள போடோணும். "சீக்குக் கழிஞ்சுது"ன்னு லீடரு சொல்லுவாரு, எல்லாரும் கை தட்டுவாங்க. பொம்பளைங்க குலவை போடுவாங்க. உள்ள போடறப்ப டங்குன்னு ஒரு சத்தம் வரும். நான் குடத்துப் பக்கத்துல ஒரு மைக்கு வச்சுக் குடுத்தேன், அந்தச் சத்தம் கடைசி வரிசைக்குக் கேக்கட்டுமுன்னு. அது என்ற ஐடியாதான்.

நானும் போட்டேன். போட்டதும் லீடரு மைக்க எங்கையில குடுத்து, "அண்ணா, ரெண்டு வார்த்தை பேசுங்க"ன்னாரு. பழக்கதோசத்துல அலோன்னுட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. அப்பறம் பேசுனேன் தம்பி. நாலு நிமிசம். என்னென்ன பேசுனேன்னு தெரியாது. எறங்கி வந்து ஆம்ப்ளிபயர்கிட்ட உக்காந்தா, எந்தக் குமிழைத் திருகறதுன்னே தெரியலை. சந்தோசமுங்க. என்ற கல்யாணத்தன்னைக்குக்கூட நான் அவ்வளவு சந்தோசமா இருந்ததில்லை.

ஊட்டுக்கு வந்து என்ற ஊட்டுக்காரிகிட்ட, "மிச்சம் இருக்கற மாத்திரையெல்லாம் தூக்கிக் குப்பையில போடு, இனி நர்சம்மா நம்ம வாசப்படி மிதிக்கக் கூடாது"ன்னேன். துளசிமணின்னு பேரு. எச்சாப் பேசமாட்டா. "சரிங்க"ன்னா. அந்தச் சரிங்கவை நம்பித்தானுங்க நான் கெட்டேன். மக்யா நாளு விடிஞ்சதும் நான் பொடியைக் கலக்கறதைப் பாத்துப்போட்டு, "நீங்க கலக்குனா கட்டிகட்டியா நிக்குதுங், இனி நானே கலக்கிக் குடுக்கறேன்"ன்னா. பாசத்துல சொல்றாளாக்கும்னு நெனச்சேன்.

மூணு மாசம் கழிச்சு ரத்தம் டெஸ்ட் பண்ணுனா, வெறும் வயித்துல நூத்தி இருவத்தாறு! மாத்திரை தின்னப்பகூட அப்படி வந்ததில்லீங்க. ஏன்னா அப்பெல்லாம் நான் ரெண்டு நாளு தின்னுவேன், ஒரு நாளு உட்டுருவேன். அந்த டெஸ்ட்டு பேப்பரை லேமினேசன் போட்டு வச்சேன். அப்பறம் என்ன, ஞாயித்துக்கிழமைன்னா நானுதான். கோபி, பவானி, சத்தி, காங்கேயம்னு எந்த ஊருல கூட்டம்னாலும் சென்னியப்பண்ணன் வந்தாரான்னு கேப்பாங்க. வயர் இழுக்க வேற ஆளு போட்டுட்டேன். சால்வை மட்டும் ஒரு பீரோ நிறைய இருக்குதுங்க.

ஒண்ணு மட்டும் எல்லாருகிட்டயும் தவறாமச் சொல்லுவேன். "குடிச்சு முடிச்சதும் அடிநாக்குல ஒரு கசப்பு நிக்கும் பாருங்க, அதுதான் மூலிகை. அந்தக் கசப்புதான் சக்கரையைக் கொல்றது"ன்னு. சில பேரு, "எங்களுக்குக் கசக்கவே இல்லீங்களே, பாயாசமாட்டத்தான இருக்குது"ம்பாங்க. லீடரே ஒருக்கா கேட்டாரு, "அண்ணா, உங்களுக்குக் கசக்குதா?"ன்னு. நம்பிக்கையோட குடிச்சாத்தான் கசக்குமுன்னேன். அவரும் அதையே மேடையில சொல்ல ஆரம்பிச்சுட்டாரு. எனக்கு மட்டும் கசக்குதுன்னா எனக்கு மட்டும் வேலை செய்யுதுன்னு அர்த்தம். அப்படித்தானுங்க நெனச்சேன், பெருமையாத்தான் இருந்துது.

இருங்க, மோரு வருது. துளசிமணி, அங்கயே வச்சுப்போட்டுப் போ. குடிங்க தம்பி, உப்புப் போட்டிருக்கும். பாத்தீங்களா, உங்களைப் பாத்து "வாங்க"ன்னா. என்ற பக்கம் திரும்புனாளா? நாலஞ்சு மாசமா இப்படித்தான். அதுக்குத்தான் வர்றேன்.

அவளுக்குக் கூடப் பொறந்தவன் ஒருத்தன். ஈஸ்வரமூர்த்தி. அவளுக்கு எட்டு வயசு எளையவன், தம்பின்னு சொல்றதா புள்ளைன்னு சொல்றதா, இவதான் இடுப்புல தூக்கி வளத்துனது. கறிக்கோழிப் பண்ணை வச்சிருந்தான். நாப்பத்தெட்டு வயசுலயே நெஞ்சுவலி வந்து, ஸ்டென்ட் வச்சு அனுப்புனாங்க. ரத்தம் கட்டாம இருக்கறதுக்கு மாத்திரை. ஒரு நாளு உடக்கூடாது, ஒரு வேளை உடக்கூடாதுன்னு எழுதியே குடுத்திருந்தாங்க. அந்த மாத்திரை தின்னா கையில காலுல லேசாப் பட்டாக்கூட நீலநீலமாக் கன்னிப் போவும். அதைப் பாத்து அவனுக்குப் பயம். "மாமா, இது என்னைய உள்ளுக்குள்ள தின்னுக்கிட்டு இருக்குது மாமா"ம்பான்.

எட்டு மாசம் தின்னான். ஒரு நாளு பண்ணையில வச்சு, "மாமா, நீங்க நிறுத்தி ரெண்டு வருசமாச்சு, குதிரையாட்ட இருக்கறீங்க. நானும் நிறுத்தட்டா?"ன்னு கேட்டான்.

நிறுத்துன்னு நான் சொல்லலீங்க. இதை நல்லாக் கேட்டுக்குங்க. அந்த வார்த்தை என்ற வாயில இருந்து வர்ல. "என்னையப் பாரு, அப்பறம் உன்ற இஷ்டம்"ன்னுதான் சொன்னேன். இதுல என்னங்க தப்பு? கண்ணுக்கு முன்னால நிக்கறவனைப் பாருன்னு சொல்றது ஒரு தப்பா?

அடுத்த ஞாயித்துக்கிழமை வந்துட்டான். வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு, சம்சாரம் கோகிலாவையும் கூட்டிக்கிட்டு. தலையை மூணு சுத்துச் சுத்திக் குடத்துல போட்டான். டங்குன்னு கேட்டுது. மைக்கு நாந்தான் புடிச்சேன். "எங்க மாமா சொன்னா அது சரியாத்தான் இருக்கும்"ன்னான், மைக்ல. கோகிலா முன்வரிசையில உக்காந்து கண்ணைத் தொடச்சுக்கிட்டா. எறங்குனதும் எங்கிட்ட வந்து, "அக்காகிட்ட மட்டும் சொல்லிராதீங்க மாமா, வைவா. மண்டலம் முடியட்டும், நானே சொல்லிக்கறேன்"ன்னான். மச்சினன் கேட்டா மறுக்க முடியுமா? சொல்லலை.

ஒரு பத்துப் பன்னண்டு நாளு கழிச்சுப் போன் பண்ணுனான். "மாமா, எனக்குக் கசக்கவே மாட்டீங்குதே"ன்னான். கவலையோடதான் கேட்டான். "பத்து நாளு போவட்டும் மாப்ள, மெதுவா வரும். எனக்கும் ஆரம்பத்துல தெரியலை"ன்னேன். அது பொய்யிங்க. எனக்கு முத நாள்ல இருந்தே கசந்துது. ஆனா அவன் மனசு உட்டுறக் கூடாதில்ல.

நாப்பத்தோராவது நாளு போய்ட்டான். காலையில கோழிக்குத் தீவனம் போட்டுக்கிட்டு இருந்தவன் அப்படியே உக்காந்தானாமா. ஆம்புலன்ஸ் வந்து சேர்றதுக்குள்ள முடிஞ்சுது. மண்டலத்துக்கு இன்னும் ஏழே நாளு.

எழவு ஊட்டுக்கும் மைக்செட் நாந்தான் கொண்டு போனேன். வேற ஆளையா கூப்பிடறது?

மூணாம் நாளு. ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் உக்காந்திருக்குது. கோகிலா எங்காலைப் புடிச்சுக்கிட்டு, "அண்ணா, ஏன் இப்படி ஆச்சு, எல்லாம் சரியாத்தான குடிச்சாரு"ன்னு அழுவறா. நான் என்னத்தச் சொல்லுவேன்? அழுவறவளைத் தேத்தோணுமில்ல. "நீங்க ஆரம்பிச்சது நேரங்கழிச்சு அம்மிணி. அந்த மாத்திரை எட்டு மாசமா உள்ள போயிக் கெடுத்து வச்சிருந்துது. குடத்துல போடறதுக்கு முன்னாலயே பாதி ஆளு போயிருச்சு. மண்டலம் மட்டும் முடிஞ்சிருந்தா பொழச்சிருப்பான்"ன்னேன்.

துளசிமணி அப்பத்தான் உள்ள இருந்து காப்பித் தட்டோட வந்தா. தட்டை அப்படியே தரையில வச்சுப்போட்டு, என்ற கையைப் புடிச்சுப் பண்ணைக்குப் பொறகால இழுத்துக்கிட்டுப் போனா. கல்யாணமாகி முப்பத்திரண்டு வருசத்துல நாலு பேருக்கு முன்னால அவ என்ற கையைத் தொட்டது அன்னைக்குத்தான்.

"ஏனுங், தம்பி மாத்திரையை நிறுத்துனானா?"

"ஆமா."

"யாரு சொல்லி?"

"யாரும் சொல்லலை. என்னையப் பாத்து நிறுத்துனான்."

தீவன மூட்டை மேல பொத்துன்னு உக்காந்துட்டா. அழுவலை. கோழி எல்லாம் கத்துது, அதுக்கு நடுவுல மெதுவாச் சொல்றா, எனக்குப் பாதி காதுல உளுவலை, குனிஞ்சு கேட்டேன். "உங்களுக்கு நான் தெனமும் போட்டுக்கிட்டு இருந்தனுங்க. நர்சம்மாவை ரேசன் கடைக்கிட்டப் பாத்து வாங்கிக்குவேன். காலையில ரெண்டு, சாயங்காலம் ஒண்ணு. நுணுக்கி, அந்தப் பொடியோட கலந்து. ஒரு வேளை தவறலை. உங்களுக்குப் போடறதுக்கு நான் இருந்தேன். அவனுக்கு யாருங்க இருந்தா?"

என்ன பண்ணுவீங்க தம்பி நீங்களா இருந்தா? எனக்கு முதல்ல மச்சினன் நெனப்பு வர்லீங்க. பொய் சொல்லக் கூடாது. அடிநாக்குல அந்தக் கசப்புதான் வந்துது. ரெண்டு வருசமா ஊரூராப் போயி மூலிகை, மூலிகைன்னு சொன்னேனே, அது நர்சம்மா குடுத்த மாத்திரை. அப்பறம் அந்தச் சால்வை எல்லாம் கண்ணுக்கு முன்னால வந்துது. மச்சினன் அதுக்கும் பொறகால வந்தான்.

"ஏன்டி எங்கிட்டச் சொல்லலை?"ன்னு கத்துனேன்.

"சொன்னா நீங்க குடிக்கமாட்டீங்க. செத்துப் போங்கன்னு உட்டுர முடியுமா? அதுவுமில்லாம, மேடையில இருந்து எறங்கி வர்றப்ப உங்க மொகத்தைப் பாத்தனுங்க. கல்யாணம் ஆன நாள்ல இருந்து அப்படி ஒரு மொகத்தை நான் பாத்ததில்லை. அதைக் கெடுக்க மனசு வர்ல"ன்னா.

இப்ப நாயத்தை நீங்களே சொல்லுங்க. அவ மறைக்காம இருந்திருந்தா நான் மேடையேறியிருப்பனா? நான் ஏறாம இருந்திருந்தா அவன் போட்டிருப்பானா? அப்ப அவனைக் கொன்னது யாரு? இதைத்தான் அவகிட்டக் கேட்டேன். "உன்ற தம்பியை நீதான்டி கொன்னே"ன்னு கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதுதான். ஆனா கேட்டது தப்பா? "நீங்க அவன் நிறுத்துனதை எங்கிட்ட மறைச்சீங்க"ன்னா அவ. சரி, நானும் மறைச்சேன், அவளும் மறைச்சா. ஆனா நான் மறைச்சது நாப்பது நாளு. அவ மறைச்சது ரெண்டு வருசம். எது பெருசு?

அன்னைக்கு நின்ன பேச்சுதானுங்க.

அப்பறமேலு அவ எனக்குக் கலக்கறதையும் நிறுத்திட்டா. மாத்திரை அட்டையை டிவி மேல வச்சுருவா, பக்கத்துல ஒரு சொம்புத் தண்ணி. தின்னா தின்னு, தின்னாட்டிப் போ. நானா மசிவேன்? வெறும் பொடியையே குடிச்சேன், அதுவே போதும்னு காட்டிர்றதுக்கு. பாயாசமாட்டத்தான் இருந்துது, கசப்பு இல்லை. இருவத்திமூணு நாளு தாங்குச்சு. கூட்டத்துல ஒரு நாளு, செருப்பில்லாம மேடையில நின்னு பேசிக்கிட்டு இருக்கேன், முன்வரிசையில ஒரு குழந்தை, "தாத்தா காலுல ரத்தம்"ங்குது. வயர்த் துண்டு ஒண்ணு கட்டைவிரல்ல ஒரு அங்குலம் ஏறி நிக்குது. எனக்குத் தெரியவே இல்லை. இதோ, இந்தக் கட்டு அதுதான். விரல் தப்பிச்சுதுன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. அன்னைக்குச் சக்கரை நானூத்தி முப்பது.

பொறகால? பொறகால என்ன, சத்திக்கு பஸ் ஏறிப் போயி, என்னையத் தெரியாத மருந்துக்கடையா பாத்து, தலையில துண்டைப் போத்திக்கிட்டு வாங்கியாரேன். கள்ளுக்கடைக்குப் போறவன்கூட இப்படிப் பதுங்க மாட்டான். டிவி மேல இருக்கறதைத் தொடமாட்டேன். அதை எடுத்தா அவ ஜெயிச்ச மாதிரி. இதை நானே நுணுக்கிப் பொடியில கலந்து குடிச்சுக்கறேன், அது பழக்கமாயிருச்சுங்க. அப்படிப் பாத்தா மேடையில நான் சொல்றதுல பொய் ஒண்ணும் இல்லை. மாத்திரை மாத்திரையா என்ற நாக்குல படறதில்லையே.

லீடருகிட்ட ஒரு நாளு உள்ளதைச் சொன்னேன். "அண்ணா, மாத்திரை மட்டும் தின்னப்ப உங்களுக்கு நூத்தி இருவத்தாறு வந்துதா? வர்ல இல்ல? அப்ப பொடியும்தான வேலை செஞ்சிருக்குது"ன்னாரு. கேட்டா அதுவும் நாயமாத்தான் இருக்குது. வீடியோவை மட்டும் நெட்ல இருந்து எடுக்க வேண்டாமுன்னுட்டாரு. நானும் எடுங்கன்னு சொல்லலை.

எந்திரிக்காதீங்க தம்பி, உக்காருங்க. உங்க அம்மா விசயத்துக்கு வந்துட்டேன். நிறுத்தாதீங்க. ஒரு வேளைகூட உடாதீங்க. நானே சொல்றேன். பொடி வேணுமின்னா குடிக்கட்டும், அது அவங்க பாடு, ஆனா மாத்திரையைத் தொடாதீங்க. அவ்வளவுதான் நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியது. இதுக்கு இவ்வளவு கதை எதுக்குன்னு கேப்பீங்க. எனக்கு உங்களால ஒரு காரியம் ஆவோணும், அதுக்குத்தான்.

கோகிலா இருக்கறாளுங்களே, மச்சினன் சம்சாரம். அவளுக்கு இருவது வருசமா வலிப்பு. மாத்திரையிலதான் ஓடுது. ஒன்பது வருசமா ஒருக்காகூட வர்ல. பள்ளிக்கூடத்துல சத்துணவு சமைக்கறா. ரெண்டு பொம்பளைப் புள்ளைங்க. பதினாறாம் நாளு சாமி கும்புட்டு முடிச்சதும், ஈஸ்வரமூர்த்தி குடிச்சு மிச்சம் வச்ச டப்பாவை எடுத்துக்கிட்டு வந்து, "அண்ணா, அவரு முடிக்காத மண்டலத்தை நான் முடிக்கறேன்"ன்னா. நேர்ந்துக்கிட்டவங்க செத்துப் போனா ஊட்டுல இருக்கறவங்க அந்த நேர்த்தியை முடிப்பாங்கல்ல, அதாட்ட. ஒறம்பரை எல்லாம் உச்சுக் கொட்டி, நல்ல பொண்ணுன்னுது. நானும் சரி அம்மிணின்னுட்டேன். வெறும் பொடிதான, குடிச்சா என்ன ஆயிரும்னு இருந்தேன். அந்த மிச்சத்தைக் குடிச்சு முடிச்சவ, அத்தோட நிறுத்தலை. தன் பேருக்கும் ஒரு மண்டலம், பொறகால ரெண்டாவது மண்டலமும் குடிச்சா. போன வாரம் அதுவும் முடிஞ்சுது. வர்ற ஞாயித்துக்கிழமை வலிப்பு மாத்திரையைக் குடத்துல போடறா. பேரு குடுத்துட்டா. லீடரு அவ பேரை நோட்டீசுலயே போட்டுட்டாரு.

இன்னைக்கு வியாழன். அடுப்புகிட்ட நிக்கற பொம்பளை தம்பி. நூத்தி இருவது புள்ளைங்களுக்கு வேகற சாம்பாரு அண்டா.

போன்ல சொல்லிப் பாத்தேன். "அம்மிணி, இன்னும் கொஞ்ச நாளு போவட்டுமே"ன்னேன். "ஏங்கண்ணா, நீங்க நிறுத்தி ரெண்டு வருசம் தாண்டியாச்சு, எனக்கு மட்டும் என்ன ஆயிரப் போவுது?"ன்னா. அதுக்கு மேல நான் என்ன சொல்றது? நான் நிறுத்தலைன்னு சொன்னா, அடுத்த கேள்வி என்ன வரும்? அப்ப எங்க ஊட்டுக்காரரு எதைப் பாத்து நிறுத்துனாருன்னு வரும். எத்தனை ஊருல, எத்தனை ஆயிரம் பேருக்கு முன்னால பேசியிருக்கேன், அந்த ஒருத்தி முன்னால நின்னு இதைச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. பயமா இருக்குது தம்பி. செத்தவன் திரும்பி வந்து கேட்டாக்கூட நான் இப்படிப் பயந்துக்க மாட்டேன்.

துளசிமணியைச் சொல்லச் சொன்னேன். செவுத்தைப் பாத்துச் சொன்னேன், வேற எப்படிச் சொல்றது. செவுத்தைப் பாத்தே பதில் சொன்னா: "நான் எந்த மொகத்தை வச்சுக்கிட்டுச் சொல்லுவேன்? நான் நாத்தனாரு. நங்கையா, உங்க ஊட்டுக்காரருக்கு மட்டும் பொடிச்சுப் போட்டீங்களான்னு கேப்பா"ன்னா. மேடையேறுனவரு நீங்க, நீங்களே சொல்லுங்கன்னு உள்ள போய்ட்டா. பொடிச்சவ நீ, நீ சொல்லுன்னு நானும் வெளிய வந்துட்டேன். இப்படியே நாலு நாளு ஓடிப் போச்சு.

அப்பத்தான் சாமி அனுப்புனாப்பல நீங்க வந்து நிக்கறீங்க.

நீங்க அசலூரு. உங்களை அவளுக்குத் தெரியாது. இங்கிருந்து பஸ்ஸுல மூணாவது ஸ்டாப்பு, பள்ளிக்கூடத்துக்குப் பொறகால, கோழிப்பண்ணை ஊடுன்னு கேட்டா யாரும் காட்டுவாங்க. இப்பப் போனா பாத்திரம் கழுவிப்போட்டு வந்திருப்பா. வீடியோவைப் பாத்துப்போட்டு எங்க அம்மாவுக்கு மாத்திரையை நிறுத்துனோம், இப்படி ஆயிப் போச்சு, நீங்க போட்டுராதீங்கன்னு சொல்லுங்க. கண்ணுல தண்ணி வந்தா இன்னும் நல்லது. அம்மா செத்துப் போச்சுன்னு சொன்னாலும் தப்பில்லீங்க. கோவிச்சுக்காதீங்க, ஒரு பேச்சுக்குத்தான். ஒரு உசுரு பொழைக்குமில்ல. உங்க அம்மாவுக்கு அதனால ஆயுசுதான் கூடும்.

நான் அனுப்புனேன்னு மட்டும் வாய் தவறிக்கூடச் சொல்லிராதீங்க. இங்க வந்ததே தெரிய வேண்டாம். இந்தக் கடைப் பக்கமே நீங்க வர்ல, என்னைய வீடியோவுல பாத்ததோட சரி.

வேகமாப் போங்க தம்பி, பஸ்ஸு வந்துரும். அப்படியும் அவ கேக்கலைன்னா, ஞாயித்துக்கிழமை அவளுக்கு மைக்கு நாந்தானுங்க புடிக்கோணும்.